இரண்டாம் பாகத்துக்கு மூன்று கையெழுத்து

எந்த ஆண்டு என்று எழுதமாட்டேன். என் நாட்குறிப்பில் ஆண்டு, தேதி, அன்றைய வெயில் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆண்டைச் சொன்னால் அப்போது மன்றத் தலைவர் யார் என்று பழைய நெய்வேலிக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம், ஏப்ரல் மாதம், வியாழக்கிழமை மாலை என்பது போதும்.

அன்று எங்கள் பிளாக்கின் மனமகிழ் மன்றச் செயற்குழு கூடி, பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக நூலகத்தில் தனி அலமாரி வைப்பது என்று முடிவெடுத்தது. பிள்ளைகள் கண்டதையும் படிக்கிறார்கள் என்று தலைவரின் மனைவியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். கண்டது என்றால் எது என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால், உமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். நல்ல புத்தகங்களைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைத்தார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேலை முடிய வேண்டும்.

முதல் உறுப்பினர் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவு ஃபோர்மேன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரண்டாமவர் கணக்குப் பிரிவு அதிகாரி, கோயம்புத்தூர்ப் பக்கம். மூன்றாவது ஆள் நான், ஸ்டோர்ஸில் வேலை. பஸ்ஸில் போகும்போதும் புத்தகம் வைத்திருக்கிறவன் என்பது என் தகுதி.

நூலகத்தில் நிஜமாக வேலை செய்தவர் நான்காவது மனிதர் ஒருவர். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். அவருடைய அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது கான்ட்ராக்ட் வேலை. காகிதத்தில் அட்டெண்டர், எல்லார் வாயிலும் லைப்ரரியன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அடுத்த ஆண்டு பர்மனென்ட் ஆவதற்கான வயது வரம்பைத் தாண்டிவிடுவார். தலைவர் அவரிடம் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்: அலமாரி திறந்து மூன்று மாதத்தில் பிள்ளைகள் வந்து புத்தகம் எடுக்கிறார்கள் என்று ரிஜிஸ்தர் காட்டினால், பர்மனென்ட் செய்யச் சொல்லித் தாமே எழுதுவதாக. அன்றிலிருந்து அவர் எங்கள் மூவரையும் பார்த்த பார்வையில் பரீட்சை எழுதியவனின் பயம் இருந்தது.

பரிசீலிக்க வேண்டியவை நாற்பது புத்தகங்கள். முதல் கூட்டத்திலேயே ஃபோர்மேன் மலைத்துவிட்டார்.

“என்ன சார் இது, ஒவ்வொருத்தரும் நாப்பதையும் படிச்சா தீவாளிக்குத்தான் முடியும். எனக்கு இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி. எங்க உக்காந்து படிக்க? தடிப் புஸ்தகத்த எல்லாம் மூணா பிரிங்க. ஆளுக்கு ஒரு பாகம். மெஷின ஓவர்ஹால் பண்றப்போ ஒரே ஆளா எல்லாத்தையும் பாக்கான்? கியர்பாக்ஸ் ஒருத்தன், மோட்டார் ஒருத்தன்.”

“செரிதானுங்க. வேல சுளுவா முடியும்” என்றார் கணக்கு அதிகாரி. “ஆனா பாகத்துக்குப் பாகம் தனி ரிப்போர்ட் வேணுமுங்க. ஒருத்தரு படிச்சதுக்கு இன்னொருத்தரு பொறுப்பாக முடியாதில்லீங்களா?”

லைப்ரரியன் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “நல்லா இருக்கற புக்க எதுக்குங்க சார் அறுக்கறீங்க? படிச்சிகினே வரும்போது கத பாதியில நின்னுடுங்களே.”

“நிக்கட்டும்யா. நாங்க என்ன கதை கேக்கவா வந்திருக்கோம்? இது இன்ஸ்பெக்ஷன்” என்றார் ஃபோர்மேன்.

நான் ஆட்சேபித்தேன் என்று எழுத ஆசைதான். நாட்குறிப்பில் அப்படி இல்லை. ‘நல்ல யோசனை, நேரம் மிச்சம்’ என்று எழுதியிருக்கிறேன். தடிமனான ஆறு புத்தகங்களை மறுநாள் நானே வடலூருக்கு எடுத்துப் போனேன். பைண்டர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். “பிஞ்சி போனத்த தெச்சிக் குடுக்கத்தான் எல்லாரும் வருவாங்க. தெச்சத பிரிக்கச் சொல்லி மொதமொதல்ல நீங்கதான் வந்துகினு இருக்கீங்க” என்றவர், மூன்று மூன்றாக அறுத்து, பாகம் 1, 2, 3 என்று முதுகில் ஒட்டிக் கொடுத்தார்.

படிவத்தைக் கணக்கு அதிகாரி தயாரித்தார். கட்டம் போட்டவன் நான். காதல் உண்டா இல்லையா. மரணம் உண்டெனில் எத்தனை. பெரியவர்களை எதிர்த்துப் பேசுதல். வேலைநிறுத்தம். இவை போக, ‘மற்ற குறைபாடுகள்’ என்று ஒன்று. புத்தகம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கக் கட்டம் இல்லை. அது பிறகுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் படிவத்தை சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி அச்சடித்துவிட்டிருந்தோம்.

வேலை மளமளவென்று நடந்தது. பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றில் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவது விவரமாக இருந்தது. குடும்ப ஒழுக்கத்துக்குப் பொருந்தாது என்று தள்ளினோம். ஒரு பொது அறிவுப் புத்தகம் எல்லாக் கட்டத்திலும் சுத்தமாகத் தேறி, கடைசியில் ஃபோர்மேனிடம் அகப்பட்டுக்கொண்டது. அதில், பழுப்பு நிலக்கரி தரத்தில் குறைந்த எரிபொருள் என்று ஒரு வரி.

“இத நம்ம பிள்ளைங்க படிக்கணுமா? அப்பன் என்ன வெட்டுதான்னு நெனைக்கும்?” என்று கொதித்தார். மற்ற குறைபாடுகள் கட்டத்தில் சேர்த்தோம்.

ஒரு நாவலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். உப்பளங்கள் நிறைந்த கடற்கரை ஊரில் தொடங்கும் கதை. முதல் பாகத்தைப் படித்த ஃபோர்மேனின் அறிக்கை: ‘கதாநாயகியின் அண்ணன் சிறந்த குணவான். தங்கையைப் படிக்க வைக்க உப்பு மூட்டை சுமக்கிறான். மாணவர்கள் பின்பற்றத்தக்கவன். ஏற்கலாம்.’ இரண்டாம் பாகத்தைப் படித்த கணக்கு அதிகாரி எழுதினார்: ‘இளம்பெண் வீட்டில் அனுமதி பெறாமல் வெளியேறி நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போகிறாள். நிராகரிக்கலாம்.’ மூன்றாம் பாகம் என்னுடையது. ‘வழக்கு மன்றத்தில் ஒரு கொடிய குற்றவாளிக்கு எதிராக அஞ்சாமல் சாட்சி சொல்லும் பெண். நேர்மை குறித்த நல்ல பாடம். ஏற்கலாம்.’ இவ்வளவு தீர்க்கமாக எழுதிய நான், அந்தக் குற்றவாளி யார் என்று யோசிக்கவில்லை. என் பாகத்தில் அதை யாரும் சொல்லவில்லை. கதையில் இருந்தவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

மே மாதக் கடைசியில் தேறிய புத்தகங்கள் பதினொன்று. கையெழுத்தைத் திருத்திக்கொள்வது, தபால்தலை சேகரிப்பது, பல்லைப் பாதுகாப்பது, காலத்தோடு எழுவது. ஜூன் முதல் வாரம் தலைவர் வந்து ரிப்பன் வெட்டினார். கேசரியும் காபியும் கொடுத்தார்கள். கேசரி முடிந்ததும் பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அலமாரியை ஒருவரும் தாமாகத் திறக்கவில்லை. ரிஜிஸ்தரில் ஒரே ஒரு பதிவு. அதுவும் என் மகன். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தபால்தலைப் புத்தகத்தை எடுக்க வைத்தேன். லைப்ரரியன் மற்றபடி வெறுமையான அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து, ஸ்கேலால் கோடு போட்டு, மூடி வைத்தார்.

“இன்னும் ரெண்டு மாசந்தாங்க சார் இருக்கு” என்றார் ஒருநாள். “புள்ளைங்க வந்து எட்டிப் பாக்குதுங்க. பல்லு வௌக்கறது எப்படின்னு போட்டிருக்கறத பாத்துட்டு சிரிச்சிகினே போயிடுதுங்க. நானும் என்னத்த சொல்லி இழுக்கறது?”

அந்த வாரமே நான் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டேன்.

ஜூலை இரண்டாம் வாரம், புதன்கிழமை மாலை திரும்பி வந்து பார்த்தால், அவர் மேசை முன்னால் பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ரிஜிஸ்தரைப் பார்த்தேன். உப்பள நாவல், பாகம் 1. மறுபடியும் பாகம் 1. அடுத்து பாகம் 3.

“என்னய்யா இது?”

“நீங்க கையெழுத்து போட்ட பாகந்தாங்க சார்” என்று படிவங்களை எடுத்து நீட்டினார். “ஒண்ணும் மூணும் ஏற்கலாம்னு கீதே. அத்தத்தான் அலமாரில வெச்சேன். ரெண்ட பீரோவுல பூட்டிட்டேன். ரூல்படி.”

மறுக்க இடமே இல்லை. ஆறு புத்தகங்களையும் அப்படியே செய்திருந்தார். எதில் எந்தப் பாகம் தேறியதோ அது வெளியே, மற்றது பீரோவில்.

அந்தக் கூட்டத்திலிருந்து பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். பக்கத்துத் தெரு குவார்ட்டர்ஸ்.

“அங்கிள், மூணாம் பாகத்துக்கு நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்க? அண்ணன் ஏன் அந்த மாதிரி ஆனான்?”

“எந்த அண்ணன்?”

“கோர்ட்ல நிக்கறானே, அவன்தான். பேர மாத்திக்கிட்டான் போல. மொத பாகத்துல உப்பு மூட்டை தூக்கறப்போ இடது கைல வெட்டுப்படுதுல்ல? கோர்ட்ல நிக்கறவனுக்கும் அதே எடத்துல தழும்பு. தங்கச்சி அதப் பாத்துட்டுத்தான் அழறா. நீங்க படிக்கலையா?”

அழுதாள் என்று படித்திருந்தேன். நீதிக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஃபோர்மேனிடம் சொன்னபோது அவர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். “அவனா? அவன் குத்தவாளியா? சும்மா சொல்லாதீய சார்! தங்கச்சிக்காக மழைல மூட்டை செமந்த பய சார் அவன். வீட்ல என் பையன்ட்ட சொல்லிச் சொல்லி, அவனப் பாத்துப் படிலேன்னு ரெண்டு மாசமா உயிர வாங்கிட்டிருக்கேன்!”

சனிக்கிழமை மாலை நூலகம் திறந்ததும், இரண்டாம் பாகத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு வரலாம் என்று போனேன். ஃபோர்மேன் எனக்கு முன்னால் அங்கே நின்றார். செய்தித்தாள் மேசையில் கணக்கு அதிகாரியும் இருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

“உங்க பாகத்துல, கடசில அந்தப் புள்ள ஊட்டுக்குப் போய்ச் சேந்துட்டாளுங்களா?”

“நீங்கதானே நிராகரித்தீர்கள்?”

“அது படிவத்துலங்க” என்றார். “மனசு கேக்க மாட்டேங்குதுங்க. நாடகக்காரங்களோட ஒரு ரயிலடில நிக்கறா, கையில காசில்ல, மழ வேற. அதோட என்ற பாகம் முடிஞ்சு போச்சு. ரெண்டு மாசமா அவ அங்கயே நிக்கறாளுங்க.”

மூவரும் லைப்ரரியனின் மேசைக்குப் போனோம். அவர் பீரோவைத் திறக்கவில்லை.

“நிராகரிச்ச பாகத்த வெளிய எடுக்கணும்னா மூணு பேரும் ஒப்புதல் கையெழுத்து போடணும்னு சார்தான் ரூல் எழுதியிருக்காருங்க” என்று கணக்கு அதிகாரியைக் காட்டினார். படிவத்தையும் பேனாவையும் முன்பே எடுத்து வைத்திருந்தார்.

“படிக்காமல் எப்படியப்பா ஒப்புதல் கொடுப்பது?” என்றேன்.

“மத்ததுக்கெல்லாம் அப்டித்தானங்க சார் குடுத்தீங்க?”

ஃபோர்மேன் சிரித்துவிட்டார். கணக்கு அதிகாரி முதலில் கையெழுத்திட்டார், அடுத்து ஃபோர்மேன், கடைசியில் நான். மற்ற ஐந்து புத்தகங்களின் பீரோ பாகங்களுக்கும் படிவங்களை அடியில் வைத்திருந்தார். அவற்றுக்கும் கையெழுத்திட்டோம். அவசரத்தில் குயிலும் பழுப்பு நிலக்கரியும்கூட விடுதலையாயின.

“சரி, எடுங்க” என்று கையை நீட்டினார் ஃபோர்மேன்.

“அந்தப் பத்தாங்கிளாஸ் பொண்ணு பேரு மொதல்ல இருக்குங்க சார். உங்க பேர ஒம்பதாவதா எழுதிக்கறேன்.”

எனக்குப் பத்தாவது இடம்.

செப்டம்பரில் தலைவர் ரிஜிஸ்தரைப் பார்வையிட வந்தார். பக்கங்கள் நிரம்பியிருந்தன. ஒரு நாவலைப் படிக்கிற பிள்ளை மூன்று முறை வந்து மூன்று முறை பெயர் எழுதியிருந்தது. இதை நாங்கள் தலைவருக்கு விளக்கவில்லை. “பிள்ளைகளுக்கு நல்ல நூல்களைத் தேர்ந்தெடுத்த துணைக்குழுவைப் பாராட்டுகிறேன்” என்று பேசினார். சொன்னபடி லைப்ரரியனுக்காக எழுதவும் செய்தார். நேர்மையான மனிதர்.

ஆணை டிசம்பரில் வந்தது. பர்மனென்ட். சுரங்கம், கன்வேயர் பிரிவு, திங்கட்கிழமை முதல் ஏ ஷிப்ட்.

நூலக வேலையைத் திறம்படச் செய்ததற்காகக் கன்வேயருக்குப் போவதில் ஏதோ பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை. “பர்மனென்ட் சார்!” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “வூட்ல அவ அழுதுகினே சிரிக்கறா. என்னா செக்ஷனா இருந்தா என்னாங்க?” நூலகத்துக்கு வேறு ஆள் கேட்டு நான் எழுதினேன். அந்த வேலையைக் கான்ட்ராக்ட் ஆள் பார்த்துவந்தார், அந்த ஆள் இப்போது பர்மனென்ட் ஆகிவிட்டதால் அப்படி ஒரு வேலை இல்லை என்று பதில் வந்தது. சாவி என்னிடம் வந்தது.

நான் மாலையில் திறந்து உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்புப் பெண் வந்து, “அடுத்தது எது படிக்கலாம் அங்கிள்?” என்று கேட்டாள். எனக்குப் பிடித்த இரண்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் மரியாதையாகத் திருப்பி வைத்தாள்.

“அவரு எந்த ஷிப்ட் அங்கிள்?”

“ஏ ஷிப்ட். ரெண்டு மணிக்கு முடியும்.”

அந்தச் சனிக்கிழமை, பள்ளி அரை நாள். மதியம் ரேஷன் கடைக்குப் போகும் வழியில், ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் ஆறு பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து அருகில் நின்றுவிட்டேன். பஸ் வந்தது. அவர் இறங்கினார், புருவம் வரை பழுப்புத் தூசி. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் கடைசியாக எதைப் படித்தாய், எந்த இடத்தில் அலுத்தது என்று கேட்டார். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

“மூணாவது அலமாரில கீழ் தட்டு, நீல அட்ட. மொதப் பத்து பக்கம் மெதுவாத்தான் போவும். பொறுத்துக்கினு படி. சார் தேடிகினு இருந்தாருன்னா, எடம் நீயே காட்டிக் குடு.”

மூன்றாவது அலமாரி, கீழ்த் தட்டு, நீல அட்டை என்று ஒரு துண்டுக் காகிதத்தை ரேஷன் பையின் மேல் வைத்து நானும் குறித்துக்கொண்டேன்.