கட்டத்தாளில் ஒரு தை

கொடைக்கானலை விட்டுப் பெருமாள்மலைப் பக்கம் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது; நான் கை காட்டவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எத்தனையோ ஊரை விட்டு இப்படிக் கிளம்பியிருக்கிறேன். பாதி ஊர்ப் பெயர் மறந்துவிட்டது. பனியில் நனைந்த யூகலிப்டஸ் வாசத்தோடு அந்த நடை மட்டும் மறக்கவில்லை.

போன வாரம் அது நினைவில் திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு செல்போன் கடை. அங்கிருந்த பெண் என் போனைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள். மேலே "9 ஜன." என்று தேதி வந்தது. "நல்லாருக்குதாங்கய்யா?" என்றாள். நல்லாத்தான் இருந்தது. எங்கோ யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். நான்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன், ஏசி போட்ட கடையில்.

எண்பதுகளில் அந்த மலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்தேன். தபால் எடுத்துப்போவது, மூட்டை தூக்குவது, அலுவலகத்தில் கணப்பு மூட்டுவது. மாதக் கடைசியில் நிரந்தரம் பண்ணிவிடுவதாக ஹெட் கிளார்க் அருளப்பன் சொல்லியிருந்தார். அங்கேதான் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பச்சை எழுத்து ஓடும் ஒரு பெட்டி, பக்கத்தில் கிரீச்சிட்டு அச்சடிக்கும் இன்னொரு பெட்டி. அந்த ரிப்பன் மையின் வாசனை கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் புதுச் செருப்பு. மெஷினை ஓட்ட வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இளைஞரைக் கம்ப்யூட்டர் சார் என்போம். நல்ல மனிதர். மன்னவனூர் கேரட்டை மண் போகத் துடைத்து அப்படியே கடிப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போகும் கடிதத்தின் வாசகம் தமிழில் முன்பே அச்சாகி இருக்கும். பெயரும் தேதியும் மட்டும் மெஷின் இங்கிலீஷில் நிரப்பும். மேல்மலைக் கிராமத்து ஜனங்கள் அதை எப்படிப் படிப்பார்கள், தேதியாவது அவர்கள் மொழியில் இருக்கட்டும் என்றார் சார். மாதப் பெயரைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுத்தால் மெஷின் அப்படியே அடிக்குமாம். வத்தலக்குண்டில் கொஞ்ச நாள் போர்டு எழுதுகிறவரிடம் இருந்தவன் என்பதால் பென்சில் என் கைக்கு வந்தது.

"ஜனவரிக்கு உங்க பாஷையில என்ன?" என்று சார் கேட்டதை அருளப்பன் எனக்குச் சொன்னார்.

"ஜனவரிதான்" என்றேன். சார் சிரித்துத் தலையாட்டினார். அது எங்கள் வார்த்தை, உங்கள் வார்த்தையைச் சொல் என்றார்.

"அப்ப தை" என்றேன்.

பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பெயர். பிப்ரவரிக்கு மாசி, மார்ச்சுக்குப் பங்குனி. வரிசையாக உட்கார்ந்துகொண்டது. ஜனவரி பாதி போன பிறகுதான் தை பிறக்கும் என்று எனக்குத் தெரியாதா? வருஷம் தவறாமல் பொங்கல் தின்றவன்தானே. அருளப்பனும் தின்றவர்தான். கட்டம் நிரப்புகிற மும்முரத்தில் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. புரட்டாசிதான் படுத்தி எடுத்தது. தை அழகாக வந்தது. என் கையெழுத்து ஒரு மெஷினுக்குள் போய்விட்டதென்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொன்னேன்.

முதலில் அடித்தது நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு நேர்காணல் கடிதம். ஜனவரி ஒன்பது. மெஷின் "9 தை" என்று அடித்தது. கிழமை போட இடமில்லை. உறையை ஒட்டித் தபாலில் போட்டவனும் நானே. டவுன் பெண்கள் வாசல் பலகையில் இங்கிலீஷ் நோட்டீஸைப் பார்த்துச் சரியான நாளில் வந்தார்கள். இடம் நிரம்பியது.

பொங்கலிலிருந்து ஒன்பதாம் நாள், ஒரு அம்மாவும் மகளும் வந்து நின்றார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து மன்னவனூரில் உருளைக்கிழங்குக் காட்டில் கூலி வேலை செய்கிறவர்கள். மகள் பெயர் புஷ்பம். தலையில் எண்ணெய் மினுங்கியது, கையில் கடிதம்.

"இன்டர்வியூ முடிஞ்சு ரெண்டு வாரமாச்சும்மா. தேதி போட்டுத்தான அனுப்பினோம்?" என்றார் அருளப்பன்.

"தை ஒம்பதுன்னு இருக்குதுங்க தொரை. இன்னிக்குத் தை ஒம்பதுதானுங்களே?"

அருளப்பன் கடிதத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அப்போதுதான் விளங்கியது.

"மெஷின் அடிச்சதும்மா. அது தப்பே பண்ணாது. அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருசம் இவளுக்கு வயசு தாண்டிருமுங்க. காட்டு வேலைக்குத்தான் போவணும்."

புஷ்பம் கடிதத்தை வாங்கி மடித்தாள். மடிப்பதற்கு முன் அந்தத் தையை விரலால் தடவினாள். "மெஷினு கையெழுத்து மாதிரி அடிக்குமாங்க?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. நான் கணப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும், "நம்ம தப்புன்னு அவங்ககிட்டச் சொல்லிருவோம் சார்" என்றேன் அருளப்பனிடம்.

"ஏலே, வாய மூடு. எடம் இல்ல. சொன்னா ஒன் சோலியும் போகும், எம்பேரும் கெடும்."

ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் இருவரும் ஒரு டீயைப் பங்கிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பத்தடி தூரத்தில் நின்றேன். நான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. மன்னவனூர் பஸ் வந்தது, ஏறினார்கள், போனது. திரும்பிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைத் துரத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அலுவலகம் இருந்த இடத்தில் லாட்ஜ், வாசலில் ஹோம்மேட் சாக்லேட் கடை. கட்டத்தாள்கள் எந்த அடுப்பில் எரிந்தனவோ. புஷ்பத்தை மன்னவனூரில் ஒருமுறை விசாரித்தேன். திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரே நாளுக்கு இரண்டு தேதி சொல்லும் ஜனங்களும் குறைந்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கடிதம் போனால் குழப்பமே வராது. அதில் எனக்கு என்ன ஆறுதல்?

அன்றைக்குப் பெருமாள்மலையில் ஒரு கேரட் லாரி பழனி வரைக்கும் ஏற்றிக்கொண்டது. மறுநாள் வெள்ளனே ஆயக்குடி கொய்யாச் சந்தையில் போய் வேலை கேட்டேன். வியாபாரி ஒருவர் என் விரலில் இருந்த பென்சில் காய்ப்பைக் கவனித்துவிட்டு, "கூடைக்குச் சீட்டு எழுத ஆள் வேணும். எழுதப் படிக்கத் தெரியுமாப்பா?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன்.

"அப்பக் கூடையத் தூக்கு."

தூக்கினேன்.