‘வுடு’ என்று கூப்பிட்ட குரல்

“…ஒங்களுக்கு அந்தக் கொரலு ‘பக்’கக் கேக்கற மாதிரி இருக்கும்ண்ணே, நீங்க ஆட்டக்காரரு. எனக்கு அப்படிக் கேக்கல. இந்த மனுசன வுடுன்னு கேக்குது.”

தா.பழூரில், வயலை ஒட்டிய தன் வீட்டு சிமெண்ட் களத்தில் நின்று தமிழ்ச்செல்வி இதைச் சொன்னாள். அவள் கை கணவன் தங்கராசுவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. நல்ல மத்தியான வெயில். தங்கராசு வரப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வரப்புக்கு அப்பால் வாய்க்கால், கரை தொட்டுத் தண்ணீர்.

அவள் சொன்னது விளங்க, எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1. ஐஸ் மேல் வேலை

நான் கீழப்பழுவூர்க்காரன். பட்டாளத்தில் சேர்ந்து லடாக் போய், ரெஜிமெண்ட் ஐஸ் ஹாக்கி டீமில் ஃபார்வர்டாக ஆடினேன். குளிர்காலம் முழுக்க ஆடுவதுதான் டூட்டி. நான் லெஃப்ட் விங், தங்கராசு சென்டர். முதல் லீவில் இரண்டு பேரும் ஊருக்கு வந்தபோது ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர் கேட்டார்: “ஐசுல என்னப்பா வேல? குச்சி ஐசா, கப் ஐசா?”

தங்கராசு சிரிக்காமல் சொன்னான்: “சறுக்கு ஐசுங்க. வுழுந்தா பல்லு ஃப்ரீ.”

பக் என்பது உள்ளங்கை அளவுக் கறுப்பு ரப்பர் வட்டு. அதைப் பாஸ் கொடுக்கும்போது ஃபார்வர்டுக்குத் திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. பார்த்தால் எதிராளி தோளால் இடித்து மைதானத்து ஓரப் பலகையில் சாத்திவிடுவான். குரல் வந்த பக்கம் தள்ளிவிட வேண்டியதுதான். எங்கள் குரல் “வுடு!” ஊரில் மடையைத் திறக்கச் சொல்கிற அதே வுடு. எதிர் டீம் டிஃபென்ஸ்காரன் ஒருவன் ஒருநாள் இந்தியில் கேட்டான்: “வுடு யாரு, உங்க ஊர் சாமியா? எப்பப் பார்த்தாலும் கூப்பிடறீங்க?”

“ஆமா, கூப்புட்டா குடுக்கற சாமி” என்றான் தங்கராசு.

2. தொண்டையில் பட்டது

ஒரு பிராக்டீஸில் தங்கராசுவின் கழுத்தை மூடுகிற நெக் கார்டு நழுவியிருந்தது. எகிறி வந்த பக் நேராகத் தொண்டையில் பட்டது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அதன் பிறகு பேசினால் காற்றுதான் வரும். ஆனாலும் அடுத்த சீசன் ஆட வந்துவிட்டான். இனி கூப்பிடுவதற்கு ஸ்டிக்கால் ஐஸைத் தட்டுவது என்று பேசிக்கொண்டோம்.

பனிமூட்டம் இறங்கியிருந்த ஒரு பகலில் மேட்ச். எனக்குப் பின்னால் “வுடு!” என்றது. அவனுடைய பழைய குரல், முழுக் குரல். என் கை தானாகத் தள்ளியது. பக் தங்கராசுவின் ஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொண்டது, கோல். நான் பாய்ந்து போய் அவனைக் கட்டிக்கொண்டு, “குரல் வந்துருச்சு மச்சான்!” என்று கத்தினேன்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். என் காதில் வாயை வைத்து, “நான் கூப்புடலடா. எனக்கும் கேட்டுச்சு. எனக்குப் பின்னாலேருந்து வந்துச்சு” என்றான்.

அவனுக்குப் பின்னால் வெறும் ஐஸ்தான் இருந்தது.

அதற்கப்புறம் சர்வீஸ் முடியும்வரை அந்தக் குரல் எங்களோடு ஆடியது. ஒருமுறைகூடத் தப்பான இடத்திலிருந்து கூப்பிட்டதில்லை. டீம் ஜெயித்துக்கொண்டிருந்ததால் நானும் எதையும் கிளறவில்லை. கோச் மட்டும் ஒருநாள், “சத்தமே இல்லாம எப்படிடா ரெண்டு பேரும் பாஸ் குடுத்துக்கறீங்க?” என்று இந்தியில் ஆச்சரியப்பட்டார். அந்தக் குரல் அங்கே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

3. களம்

ஓய்வு பெற்று நான் பெரம்பலூரில் குடியேறினேன். தங்கராசு தா.பழூரில் விவசாயம் பார்த்தான். ஒருநாள் தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

“அண்ணே, வயக்காட்டுலேருந்து இவரு குரலு கேக்குது. இவரு எம் பக்கத்துலதான் ஒக்காந்துருக்காரு.”

தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் அறுப்புக்கு நின்ற நெல்லில் மடையைத் திறந்துவிட்டிருந்தான். கேட்டதற்கு, “அவருதானங்க வுடுன்னாரு!” என்றானாம். அதைச் சொல்லி அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “இப்பல்லாம் அது கூப்புட்டா இவரு எந்திரிச்சுப் போறாருண்ணே. நேத்து வாய்க்கா தண்ணியில காலு வச்சுட்டாரு, இழுத்துட்டு வந்தேன். கேட்டா, அது என் குரலு, போயி எடுத்தாரேங்கறாரு.”

ஸ்டிக்கையும் ஒரு பக்கையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஐஸில் கேட்டது கிடைத்ததும் அந்தக் குரல் அடங்கிவிடும். இங்கேயும் கொடுத்துப் பார்ப்போம் என்பது என் கணக்கு. அதைச் சொன்னபோதுதான் தமிழ்ச்செல்வி நான் தொடக்கத்தில் எழுதியிருக்கிற அந்தப் பதிலைச் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்ததும் வாய்க்கால் பக்கமிருந்து வந்தது: “வுடு!”

பக்கைத் தூக்கி அடித்தேன். களத்தைத் தாண்டி, வரப்பைத் தாண்டிப் போனது. தண்ணீரில் விழுகிற சத்தம் வந்திருக்க வேண்டும். ‘டக்’ என்று கேட்டது. பக்கை ஸ்டிக் வாங்குகிற சத்தம். என் பிழைப்பு முழுக்கக் கேட்ட சத்தம்.

எல்லாம் அடங்கிவிட்டது. “முடிஞ்சுதும்மா” என்றேன்.

“வுடு!”

இந்த முறை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், வரப்படியிலிருந்து. தங்கராசுவின் கால் முன்னால் போனது.

ரெஜிமெண்ட் டீமில் இப்போது ஆடுகிற தம்பிகள் யோசனை கேட்டால் நான் பாஸ் கொடுக்கத்தான் சொல்லித்தருவேன். ஆனால் தெரிந்த குரல் கேட்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது என்பதை அந்தக் களத்தில்தான் கற்றுக்கொண்டேன். அதையும் நான் செய்து கற்கவில்லை. அவள் செய்ததைப் பார்த்துத்தான் கற்றேன்.

தமிழ்ச்செல்வி முந்தானையை உருவி, அவன் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினாள். பிறகு வாய்க்காலைப் பார்த்து நிமிர்ந்து நின்று, வயல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்:

“வுட மாட்டேன்!”