வேண்டாம் என்று நான் சொன்ன புயல் காப்பீடு

அந்தப் பெரும்புயல் எங்கள் பக்கம் கரையேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், அதிராம்பட்டினத்தில் நடந்தது இது. நான் அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் சவூதியில் டிரைவர். வருடக்கணக்கில் அங்கே வண்டி ஓட்டிச் சேர்த்ததில்தான் ஊரில் அந்த ஓட்டு வீட்டைக் கட்டியிருந்தார். ஒரு கூடம், இரண்டு அறைகள். கொல்லைப் பக்கம் வரிசையாகத் தென்னைகள்.

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் போடச் சொல்லிக் கணவர் போனில் வற்புறுத்தியிருக்கிறார். ஏஜென்ட் வந்த அன்று அந்தப் பெண் என்னையும் கூப்பிட்டார்.

"நீங்க படிச்சவங்க டீச்சர். என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

படிவத்தைக் கையில் வாங்கினேனே தவிர, படிக்கவில்லை. பிரீமியம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தேன். ஏஜென்ட் நல்ல மனிதர். "புயல், வெள்ளத்துக்கான பாதுகாப்பு வேணாம்னா எடுத்துடலாம், பிரீமியம் குறையும். ஆனா கடலோரமா இருக்கீங்க, இருக்கட்டுமே" என்றார்.

நான்தான் முந்திக்கொண்டேன். "புயலெல்லாம் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் போயிடும் சார். தீப்பிடிச்சா கிடைக்கும்ல? அது போதும்."

அந்தப் பெண் தயங்கினார். "அவங்க கடலுக்குப் பயந்துதான் போடச் சொன்னாங்க டீச்சர்…"

நான் சிரித்தேன். நான் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். செலவைக் குறைத்துக் கொடுத்ததற்காக அன்று மாலை ஒரு கிண்ணம் வட்டலப்ப இனிப்பு கொடுத்தனுப்பினார்.

புயல் அடித்து ஓய்ந்த காலையில் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டைக் காணவில்லை. மூன்று தென்னைகள் கூரைமேல் விழுந்து, நனைந்த சுவர்களையும் சாய்த்துவிட்டிருந்தன. நல்லவேளை, அவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் முந்தின நாளே முகாமுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தவர் வீட்டைப் பார்த்து அழவில்லை. பாலிதீன் கவரில் சுற்றி மார்போடு அணைத்துக் கொண்டுபோயிருந்த பாலிசியை என்னிடம் காட்டினார்.

"இது இருக்குல்ல டீச்சர்? கட்டிடலாம்ல?"

"பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

சில நாள் கழித்து, சேதத்தைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். போட்டோ எடுத்தார். பிறகு காகிதத்தைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"புயல், வெள்ளம் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே அம்மா. இது உங்க கையெழுத்துதானே?"

நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாங்க, என்னோடதுதான்" என்றார். அந்த நொடியில் 'நான்தான் எடுக்கச் சொன்னேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அந்தப் பாலிசியில் ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்று சவூதியிலிருந்து போன் வந்தது. "யாரு சொல்லிப் புயல் பாதுகாப்ப எடுக்கச் சொன்னே?" என்று கணவர் கத்தியது எனக்கே கேட்டது. "நானாத்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் அவர்.

அந்த வருடத்தோடு ஊர் திரும்பிவிடுவதாக இருந்த கணவர் பிறகு வரவே இல்லை. மறுபடியும் பணம் சேர்க்க அங்கேயே தங்கிவிட்டார். அவர் மனைவி பிள்ளைகளோடு முத்துப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போனார். ஒரு நாள் தேடிப் போய், "அன்னைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் குரலில் கோபமே இல்லை. "சொன்னா வீடு வந்துடுமா டீச்சர்? விடுங்க. டீ குடிங்க."

இப்போது யார் படிவம் கொண்டுவந்தாலும் எது உண்டு, எது இல்லை என்று வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன். அதனால் அந்த மனையில் ஒரு செங்கல்கூட எழும்பவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாதவரிடம் என்னவென்று கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.