அம்மாவின் நாலு கம்பி கிடார்

விழுப்புரத்திலிருந்து மாமா அந்த கிடாரைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தபோது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா அம்மாவின் தம்பி. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்.

கிடார் அம்மாவுடையது. தாத்தா புதுச்சேரியில் ஒரு பேண்டுக்காரரிடம் வாங்கித் தந்தது. வயலினைப் போல மேல்பலகை மேடிட்டு, இரண்டு பக்கமும் வளைந்த துளைகளோடு இருக்கும். கம்பிகள் நாலுதான். கல்யாணத்துக்கு முன்பு மாதா கோயில் பாட்டுக்குழுவில் அம்மா அதை வாசித்திருக்கிறாள். அப்புறம் கழுத்து பெயர்ந்து தாத்தா வீட்டுப் பரணில் கிடந்தது. மாமா ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கழுத்தை ஒட்டி, விரிசலை அடைத்து, கார் பளபளப்பு எதுவும் ஏற்றாமல் பழைய நிறத்தையே தேடிப் பூசியிருந்தார்.

“வாசிச்சிப் பாருக்கா” என்றார். அம்மா ஈரக்கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் குழம்பு அடிக்கடி அடிப்பிடித்தது. அப்பா கருகினதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாப் பூசையில் வாசிக்கும்படி பாட்டுக்குழுவினர் கேட்க, அம்மாவும் ஒப்புக்கொண்டாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த தோழி ஒருத்தி, “மீதி ரெண்டு கம்பிய எலி கடிச்சிடுச்சா?” என்று கேட்டு வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். திருவிழாவுக்கு முதல்நாள் மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன்.

“நீ வாசிக்காதம்மா. எங்க கிளாஸ் பசங்க வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுக்கினு சிரிப்பாங்க.”

அம்மா என் தட்டைப் பார்த்தாள். “சரி, வாசிக்கல. நீ சாப்புடு.”

மறுநாள் கோயிலில் பாட்டுக்குழு அண்ணன் கிடார் எங்கே என்று கேட்டதற்கு, “கை வலிக்குதுப்பா” என்றாள். அந்தப் பொய்க்காக அவள்மேல் எனக்கு நன்றியாகக்கூட இருந்தது. அம்மா வாசிப்பதைக் கேட்கவென்றே விழுப்புரத்திலிருந்து புதுச்சட்டையில் வந்திருந்த மாமா, பூசை முடிந்ததும் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். கிடாரை அம்மாவே போர்வையில் சுற்றி அவரிடம் கொடுத்தாள். “இங்க வைக்க எடமில்லடா. உங்கிட்டயே இருக்கட்டும்.” கிடார் கிடந்த என் படிப்பு மேஜை காலியானதில் எனக்குச் சந்தோஷம்.

போன வருஷம் மாமா வீட்டில் அதை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தேன். ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு, “வெரலு மறந்துடுச்சி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் கேட்டதும் அவள் விட்டுக்கொடுத்ததை வைத்து, அது அவளுக்கு அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பெரிதானாலும் அம்மா அப்படித்தான் விட்டுக்கொடுப்பாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.