ஒத்திகைப் பதிவு

என் அப்பா ஜீஷா லாண்டா, புரூக்ளினில் ஒரு சிறிய யூத ஜெப ஆலயத்தில் முப்பது வருடம் பாடகராக இருந்தார். நான் ஒலிப்பதிவுப் பொறியாளன். ஆனாலும் அவர் பாடிய எதுவும் என்னிடம் இல்லை. அவர் பாடியதெல்லாம் ஓய்வு நாளிலும் பண்டிகையிலும்தான். எங்கள் மத விதிப்படி அந்நாட்களில் மின்கருவி எதையும் தொடக் கூடாது.

நோய் முற்றியபோது, பாவநிவாரண நாள் பண்டிகையின் பாட்டைச் சமையலறையில் பாடச் சொல்லிப் பதிவு செய்தேன். இறைவனின் பெயர் வரும் இடத்திலெல்லாம் ‘அந்தப் பெயர்’ என்றே பாடிக் கடந்தார். உண்மைப் பெயர் வழிபாட்டுக்கு மட்டும்தான்; ஒத்திகையில் எங்கள் பாடகர்கள் அதை உச்சரிப்பதில்லை.

“ஒரே ஒரு தடவை முழுசாப் பாடுங்கப்பா.”

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவர் திரும்பிப் பார்த்து என்னன்னு கேட்பாருடா. என் பையன் மெஷினைச் சோதிக்கிறான்னு சொல்லவா?”

“அப்ப எனக்கு எப்படிக் கிடைக்கும்?”

“பண்டிகைக்கு வா. காதைக் கொண்டு வா, அதுக்குக் கரண்ட் வேண்டாம்.”

பண்டிகைக்கு முந்தைய வாரம் இறந்துபோனார். பண்டிகையன்று வேறொருவர் பாடினார். அவர் இறைவனின் பெயரை உச்சரித்ததும் நான் வெளியே வந்துவிட்டேன்.

பதிவிலிருந்து குளிர்பெட்டியின் இரைச்சலை நீக்கினேன். இருமலையும் நீக்கினேன், பிறகு இருமலை மட்டும் திரும்பச் சேர்த்தேன். பெயர் வரும் இடங்களில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அப்பா இன்னும் ஒத்திகைதான் பார்க்கிறார்.