எதிர்வீட்டு அம்மையாரும் அப்பாவும்

ஜேர்மனியர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள், அயலவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்ட ஒரு கருத்துக்கணிப்பின் முடிவுகள் போன இலையுதிர் காலத்தில் வெளிவந்தன. அந்தக் கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. கேட்டது ஜேர்மனியிலிருந்து அல்ல, கோப்பன்ஹேகனில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியிலிருந்து. எட்டு வயதில் அப்பா அம்மாவோடு ஜேர்மனிக்குப் போய், அங்கேயே படித்து, கலியாணம் செய்து டென்மார்க் வந்தவள் நான். என் டெனிஷைக் கேட்டால் கடைக்காரர்கள் இன்றைக்கும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். ஆனால் ஜேர்மன் எனக்குப் பள்ளிக்கூடத்து மொழி. அதனால் கிடைத்த வேலை இது. பின்னேரங்களில் நாங்கள் இருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து ரயிலில் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் வாசிக்க வேண்டும். நாங்களாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது.

கணிப்புத் தொடங்குவதற்கு முந்திய வாரம் எங்கள் பொறுப்பாளர், ஜேர்மன் தெரிந்த சொந்தக்காரர் ஒருவரிடம் முழுவதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொன்னார். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு அப்பாவைத் தவிர வேறு ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

அப்பாவுக்கு அப்போது எழுபத்துநாலு வயது. இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து ஆறு வருடம். நாங்கள் வளர்ந்த அதே வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக் கதைப்பேன். "சாப்பிட்டியளோ?" "ஓம்." "மருந்து எடுத்தனீங்களோ?" "ஓம், ஓம். பிள்ளையள் சுகமோ?" ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

அன்றைக்கு, "அப்பா, வேலைக்கு ஒரு உதவி வேணும். அரை மணித்தியாலம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"என்னட்டை இருக்கிறது நேரம்தானே. கேள் பிள்ளை."

"ஜேர்மனிலைதான் கேப்பன். என்னை மகள் எண்டு நினையாதேங்கோ."

"சரி. கொஞ்சம் பொறு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்."

"நான்தானே வாசிக்கப் போறன், உங்களுக்கு என்னத்துக்குக் கண்ணாடி?"

"கந்தோர் வேலை விசயம் எண்டால் கண்ணாடி போடோணும்."

திரும்பி வந்து, தொழிற்சாலையில் பழகிய ஜேர்மனில், வேற்று மனிதருக்குரிய மரியாதையோடு, "நீங்கள் தொடங்கலாம்" என்றார். என் வாழ்க்கையில் அப்பா என்னை நீங்கள் என்று அழைத்தது அன்றைக்குத்தான்.

ஓய்வு நேரத்தில் அதிகமாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, தோட்டவேலை, விளையாட்டு, தொலைக்காட்சி என்று பட்டியலை வாசித்தேன். அதில் ஒன்றும் இல்லை என்றார். பதினொரு மணி பேருந்தில் ஏறிக் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய், இறங்காமல் அதிலேயே திரும்பி வருவதாகச் சொன்னார். எதற்காக என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. அவராகவே, "ஓட்டுநர் வணக்கம் சொல்வார்" என்றார். தட்டச்சு செய்துகொண்டேன்.

குடும்பத்தார் தவிர யாராவது கடைசியாக எப்போது உங்கள் வீட்டுக்கு வந்தார்கள்? மனைவியின் முதலாவது திவசத்துக்கு. திடீரென்று சுகமில்லாமல் போனால் முதலில் யாரை அழைப்பீர்கள்? அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தார். "தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மையாரை."

அதையும் எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்வியை வாசித்தேன். பெரும்பாலான மனிதர்களை நம்பலாம் என்று நினைக்கிறீர்களா, இல்லை கவனமாக இருக்க வேண்டுமா?

"நம்பலாம்," என்றார். "ஏன் என்று சொல்லட்டுமா? உங்களுக்கு நேரம் இருக்கிறதா?"

அம்மாவின் காரியங்கள் முடிந்து நாங்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, அவர் இரண்டு நாள் யன்னல் மறைப்பைத் திறக்காமல் படுத்திருந்திருக்கிறார். மூன்றாம் நாள் வாசல் மணி அடித்தது. எதிர்க் கட்டடத்தில் தனியாக இருக்கும் வயதான ஜேர்மன் பெண். அதுவரை தெருவில் தலையசைத்ததோடு சரி. "உயிரோடு இருக்கிறீர்களா?" என்று கீழே நின்று கேட்டாராம். "இருக்கிறேன்." "அப்படியானால் நாளை முதல் எட்டு மணிக்கு யன்னலைத் திறவுங்கள். நானும் திறப்பேன்." அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை. இந்தக் கணிப்புக்கு முந்திய தை மாதத்தில் ஒரு காலை அம்மையாருடைய யன்னல் திறக்கவில்லை. அப்பா போய் மணியடித்துப் பார்த்துவிட்டு அவசர உதவியை அழைத்தார். அம்மையார் இடுப்பெலும்பு முறிந்து குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். உயிர் தப்பியது.

சொல்லி முடித்ததும் அப்பா தமிழுக்குத் திரும்பினார். "இவ்வளவும் காணுமோ பிள்ளை? சரியாச் சொன்னனானோ?"

"ஏன் அப்பா எனக்கு இதொண்டும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப்போலச் சொன்னார். அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

ஆனி மாதம் லீவு எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மையாரைக் கோப்பிக்கு அழைப்போம் என்றேன். "அவ வரமாட்டா," என்றார் அப்பா. ஆனால் காலையிலேயே பேக்கரிக்குப் போய்க் கேக் வாங்கி வந்தார். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தாமல் பிந்தாமல், கைத்தடியோடு மூன்று மாடி ஏறி வந்தார் அந்த அம்மையார்.

கோப்பி குடித்து முடிந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். "நான் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருடம், உங்கள் சமையல் மணத்தைப் பற்றி வீட்டு நிர்வாகத்துக்குப் புகார் எழுதியவள் நான். இப்படிப்பட்டவர்கள் எங்கள் தெருவுக்கு வேண்டாம் என்றும் எழுதினேன்."

அந்த நாட்களில் அம்மா யன்னலை மூடிவிட்டுச் சமைத்தது எனக்கு நினைவிருக்கிறது. காரணம் கேட்டால் குளிர் என்பார்.

அப்பா சொன்னார்: "எனக்குத் தெரியும். கடிதத்தை நிர்வாகத்தில் காட்டினார்கள்."

அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. "தெரிந்துமா அன்றைக்கு வந்தீர்கள்?"

"உங்கள் யன்னல் திறக்கவில்லையே," என்றார் அப்பா. பிறகு அவருடைய தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார். அம்மையார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதைச் சாப்பிட்டார்.

என்னோடு வந்து இருக்கும்படி அப்பாவைக் கேட்டேன். "அங்கை வந்து நான் என்ன செய்யிறது?" என்றார். "இஞ்சை ஒரு மனிசி என்னை நம்பிக்கொண்டு இருக்கிறா." அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அதன்பிறகு அடிக்கடி போய் வந்தேன். ஞாயிறுகளில் மருந்தைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். ஒருநாள் பேருந்தைப் பற்றிக் கேட்டதற்கு முக்கால் மணித்தியாலம் கதைத்தார். புது ஓட்டுநருக்கு ஆண்குழந்தை பிறந்திருந்தது.

இந்த மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவராக எடுப்பதே அபூர்வம். "அவ போட்டா பிள்ளை," என்றார். "நித்திரையிலைதான் உயிர் போச்சு." நான் அடுத்த ரயிலில் புறப்பட்டேன்.

அடக்கத்துக்கு ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். அம்மையாரின் மகன் என் வயதுக்காரர், தெற்கே ஒரு பெரிய நகரத்திலிருந்து வந்திருந்தார். கறுப்புக் கோட்டுப் போட்ட அப்பாவைப் பார்த்து, தன் அம்மாவை எப்படித் தெரியும் என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா யன்னல் விசயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "வாரம் தவறாமல் அம்மாவுடன் பேசுவேன்," என்று அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "நலம் என்றுதான் சொல்வார். விழுந்ததைக்கூட மருத்துவமனை சொல்லித்தான் அறிந்தேன். உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை."

"எனக்கும் தெரியாது," என்றேன். "வேலைக்காகக் கேட்கப் போய்த்தான் தெரிந்தது."

அவர் தலையாட்டினார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து நெடுநேரம் விடாமல் நின்றார். அப்பாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.