பழவங்காடிக்கு அனுப்பிவைத்தவள்

கரமனையிலிருந்து போன் வந்தது. "அலமேலு போயிட்டா, எஸ்தர்" என்றார் அவள் கணவர். அதற்குமேல் பேச விடாமல் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம். அதற்குள் வீடு நிறைந்துவிட்டிருந்தது.

அவளோடு பழகியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் குடும்ப ஆலோசகர் ஆவதற்கான முதுகலை வகுப்பில் நாங்கள் சேர்ந்து படித்தோம். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "கல்யாணமே ஆகாதவ புருஷன் பொண்டாட்டிக்குப் புத்தி சொல்லப் போறாளாக்கும்!" என்று அவள் தெருவே சிரித்தது. "புத்தி சொல்லலை மாமி, கேக்கத்தான் போறேன்" என்பாள். வாய்த்துடுக்கு உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

கடைசித் தேர்வு கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆலோசனை நிலையத்தில் நடந்தது. வருகிற தம்பதியிடம் அவள் பேச வேண்டும். பேராசிரியர் மூலையில் உட்கார்ந்து பார்ப்பார். தேறாவிட்டால் படிப்பு அதோடு சரி, வீட்டில் மறுபடி அனுப்பமாட்டார்கள். அடுத்த முறை என்னுடையது என்பதால் நானும் அங்கே இருந்தேன். வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனாரும் அவர் மனைவியும். கூடவே மாமியார், தாய்மாமன், சித்தப்பா என்று ஒரு பட்டாளம். "இதுக ரெண்டும் சேந்து வாழாதுன்னு முடிவு பண்ணிட்டோம்" என்று தாய்மாமன் ஆரம்பித்தார். அந்த இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அலமேலு பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எந்த முடிவானாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு எடுக்கறதுதானே நல்லது? பெரியவா எல்லாரும் போய்ட்டு வாங்கோ" என்றாள். பிள்ளையார் பேரைச் சொன்னபின் மறுக்க யாருக்குத் தைரியம் வரும்? பட்டாளம் கிளம்பியது. அவளோ நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பேராசிரியர் முகம் சுளித்தார்.

வெகுநேரம் கழித்து அந்தப் பெண், "சாப்பிட்டீயளா?" என்று கேட்டாள். "இல்ல. நீ?" என்றார் அவர். ஒற்றை அறையில் எல்லோரோடும் குடியிருந்தவர்கள். தனியாகப் பேசியே மாதக்கணக்காகிவிட்டதாம். தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிய தாய்மாமன், இருவரும் அழுகையும் சிரிப்புமாக இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ ஒன்றுமே பேசவில்லையே?" என்று பேராசிரியர் பிறகு கேட்டார்.

"அவா பேசினாளே சார். அதுக்குத்தானே வந்தா?"

வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினாள். அவளோடு படித்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் தலைகொள்ளாத பெருமை.

போன் வந்த அன்று கரமனை வீட்டில் அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். யாருக்குச் சொல்லியாச்சு, யார் வரணும் என்று ஆளாளுக்கு அவள் கணவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தூரத்திலிருந்தே அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், அதைச் செய்தேன். "கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய இருப்போம், வாங்க" என்றேன். முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றேன்.

உள்ளே அவர் பேச ஆரம்பித்தார்.